நமீபியா: மழை பொய்த்த நாட்டில் வேட்டைக் கணக்கு

2024 ஆகஸ்ட் கடைசியில், தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 30 நீர்யானை, 60 எருமை, 50 இம்பாலா மான், 100 நீல வில்டபீஸ்ட், 300 வரிக்குதிரை, 83 யானை, 100 எலாண்ட் மான். மொத்தம் 723 விலங்குகள். இவற்றைச் சுட்டு, கறியை வறட்சியில் வாடும் மக்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார்கள். அறிவிப்பு வந்த நேரத்திலேயே 157 விலங்குகள் சுடப்பட்டு 56,875 கிலோ இறைச்சி கைக்கு வந்திருந்தது. தமிழ்ச் செய்தித் தளங்கள் வரைக்கும் இந்தச் செய்தி வந்தது. பட்டியலில் யானையைப் பார்த்ததும் பலருக்கும் மனம் பதறியது, எனக்கும்தான்.

அந்தப் பதற்றம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நமீபியாவில் வேட்டை என்பது ஒரு வறட்சி வருடத்தில் திடீரென்று எடுத்த முடிவு இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே அது ஒரு தூண் என்று வெளிப்படையாகச் சொல்லி, சட்டம் போட்டு, கணக்கு வைத்து நடத்தி வருகிறார்கள். அது எப்படி வந்தது, பணம் யார் கைக்குப் போகிறது, எந்த இடத்தில் அந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது என்று பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உலகம் துப்பாக்கியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் அந்த மண்ணில் ஒரு விலங்கு பிழைக்குமா பிழைக்காதா என்பதை முடிவு செய்வது மழையும், அந்த விலங்கோடு ஒரே இடத்தில் வாழ்கிற ஊர்க்காரருக்கு அதன்மேல் ஏதாவது உரிமை இருக்கிறதா என்பதும்தான்.

முதலில் மழை. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளிலேயே மிக வறண்டது நமீபியா. எட்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 30 லட்சம்தான். அட்லாண்டிக் கரையோரம் போகும் பெங்குவெலா என்கிற குளிர்ந்த நீரோட்டம் காற்றின் ஈரத்தை மழையாக விடாமல் பனிமூட்டமாகவே நிறுத்திவிடுவதால், கரையை ஒட்டிய நமீப் பாலைவனத்தில் வருடத்துக்கு 50 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. அங்கிருந்து வடகிழக்கே ஸாம்பெசி வட்டாரத்துக்குப் போனால் 600 மில்லிமீட்டர் வரை போகும். ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட நாட்டின் உள்ளே கிடையாது. ஆரஞ்சு, குனேனே, ஒகவாங்கோ, குவாண்டோ, ஸாம்பெசி எல்லாமே எல்லைகளை ஒட்டியோ எல்லையைக் கடந்தோ ஓடுபவை. உள்ளே இருக்கும் ஹோவானிப், ஹுவாப், ஊகாப் போன்றவை மழை விழுந்தால் சில நாள் ஓடிவிட்டு மணலாகிவிடும். மேலே மணலாகத் தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தை நம்பி ஆனா மரங்கள் நிற்கின்றன, அந்த மரத்தின் காய்களை நம்பி 'பாலைவன யானைகள்' என்று அழைக்கப்படும் சிறு கூட்டங்கள் ஆற்றுப்படுகை வழியாகவே நடந்து வாழ்கின்றன. இவை தனி இனம் ஒன்றும் இல்லை, மற்ற ஆப்பிரிக்க யானைகள்தான்; எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் வரும் என்பதைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொண்டு வந்ததுதான் வித்தியாசம்.

இந்த மண்ணின் விலங்கு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓரிக்ஸ் மான். நாட்டின் சின்னத்திலேயே இரண்டு ஓரிக்ஸ்கள் நிற்கின்றன. வெயில் ஏறும்போது அது வியர்த்து நீரை வீணாக்குவதில்லை, தன் உடல் சூட்டையே ஏறவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் மட்டும், மூளைக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்ப் பின்னலில், மூக்கிலிருந்து வரும் குளிர்ந்த ரத்தத்தால் குளிர்ந்து மேலே போகிறது. நாள்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் புல்லிலும் கிழங்கிலும் உள்ள ஈரத்திலேயே காலம் தள்ளும். இப்படிப்பட்ட விலங்கே கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வடமேற்கில் பெருமளவில் செத்துக் குறைந்துவிட்டது என்றால் அங்கே மழை எந்த அளவுக்குப் பொய்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

வேட்டைக்கு வருவோம். வரலாறு தெரியாமல் இதைப் பேசவே முடியாது.

1884 முதல் 1915 வரை இது ஜெர்மனியின் காலனி. 1904 தொடங்கி 1908 வரை ஹெரெரோ, நாமா மக்களை ஜெர்மன் படை கூட்டங்கூட்டமாகக் கொன்றது, பாலைவனத்துக்குள் துரத்தித் தண்ணீர் இல்லாமல் சாகவிட்டது. அந்த ரத்தம் காய்வதற்குள், 1907-இல், எட்டோஷா உப்புப் படுகையைச் சுற்றிய பெரும் பரப்பை ஆளுநர் லிண்டெக்விஸ்ட் வேட்டைக் காப்பகமாக அறிவித்தார். அதுதான் இன்று உலகெங்கிலும் இருந்து சுற்றுலாப் பயணிகள் போகிற எட்டோஷா தேசியப் பூங்கா. அங்கே காலங்காலமாக வாழ்ந்த ஹைஓம் சான் என்கிற வேட்டைப் பழங்குடி மக்கள் 1950-களில் பூங்காவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதுவரை வயிற்றுக்காக வில்லெடுத்தவன் ஒரே உத்தரவில் திருட்டு வேட்டைக்காரன் ஆகிவிட்டான். முதல் உலகப் போருக்குப் பின் நாடு தென்னாப்பிரிக்காவின் கைக்குப் போனது. நல்ல மேய்ச்சல் நிலம் வெள்ளையர் பண்ணைகளாகவும், மீதி கறுப்பின மக்களுக்கான ஒதுக்கிடங்களாகவும் பிரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அரசுக்கு மட்டுமே சொந்தமாக இருந்த காட்டு விலங்கின் மேல், 1960-களின் கடைசியில் தொடங்கி 1975 சட்டத்தில் உறுதியாக, தனியார் பண்ணைக்காரர்களுக்கு உரிமை கொடுக்கப்பட்டது. வேலி கட்டி விதிமுறைகளுக்கு உட்பட்டால் தன் நிலத்தில் உள்ள குடு மானையும் ஓரிக்ஸையும் அவர் சுடலாம், விற்கலாம், வெளிநாட்டு வேட்டைக்காரரை அழைத்து வந்து காசு வாங்கலாம். அதுவரை மாட்டுக்குப் போட்டியாகப் புல் மேய்கிற தொல்லையாக மானைப் பார்த்தவர்கள், அதை ஒரு சொத்தாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பண்ணை நிலங்களில் விலங்குகள் பெருகின. ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது: இதே உரிமை ஒதுக்கிடங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு ஏன் இல்லை? வெள்ளைக்காரர் தன் நிலத்தில் மானைச் சுட்டால் தொழில், வடமேற்கே வாழும் ஹிம்பா இன மேய்ப்பர் சுட்டால் சிறை. சட்டப்படியே அப்படித்தான் இருந்தது.

1980-களின் தொடக்கத்தில் வடமேற்கே குனேனே வட்டாரத்தில் கொடும் வறட்சி. ஹிம்பா, ஹெரெரோ மக்களின் மாடுகளில் பெரும்பகுதி செத்தது. நமீபிய விடுதலைப் போராளிகளோடு தென்னாப்பிரிக்கா வடக்கு எல்லையில் போர் நடத்திய காலம் என்பதால் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. பசித்த ஊர்க்காரர்களும் சுட்டார்கள், அரசு அதிகாரிகளும் படையினரும்கூடத் தந்தத்துக்கும் கொம்புக்கும் சுட்டார்கள். யானையும் கறுப்புக் காண்டாமிருகமும் அடியோடு போய்விடும் நிலை. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்கிற இயற்கைப் பாதுகாவலர் ஊர்த் தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். போலீஸுக்குத் துப்புக் கொடுக்க ஆள் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. உங்கள் ஊர் விலங்குகளுக்கு உங்கள் ஆட்களையே காவலுக்குப் போடுங்கள், அவர்கள் உங்களுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கட்டும் என்றார். ஆரம்பத்தில் அந்தக் காவலர்களுக்குக் கிடைத்தது உணவுப்பொருளும் கொஞ்சம் காசும்தான். ஆனாலும் வேலை நடந்தது, ஏனென்றால் திருட்டு வேட்டைக்காரன் யார் என்பது ஊருக்குத் தெரியும், ஊர் வேண்டாம் என்றால் அவன் நிற்க முடியாது. ஓவன்-ஸ்மித்துக்கும் அவரோடு வேலை செய்த மார்கரெட் ஜேக்கப்சனுக்கும் 1993-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. விருதை விடப் பெரியது, 1990 மார்ச் 21-இல் விடுதலை பெற்ற நாடு அந்த அனுபவத்தைச் சட்டமாக்கியதுதான்.

1996-இல் வந்த சட்டத் திருத்தம், பண்ணைக்காரர்களுக்கு இருந்த உரிமையைப் பொது நிலங்களில் வாழும் மக்களுக்கும் கொடுத்தது. அவர்கள் 'கன்சர்வன்சி' அமைக்கலாம். ஊராரே சேர்ந்து நடத்தும் காப்பு வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லை எது, உறுப்பினர் யார் யார், குழு எது, வருமானத்தை எப்படிப் பங்கிடப் போகிறார்கள் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 1998-இல் முதல் நான்கு கன்சர்வன்சிகள் பதிவாயின. இன்று 86, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாடு மேய்த்து, சோளம் கம்பு விதைத்து வாழ்கிறார்கள். வேலி போட்டு மனிதரை வெளியே தள்ளிய பூங்கா கிடையாது இது. காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் தண்ணீருக்கு வரும் யானையும் ஒரே பாதையில் நடக்கிற இடம்.

இங்கே வேட்டை எப்படி நடக்கிறது என்றால், வருடா வருடம் விலங்குகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதை வைத்து அமைச்சகம் எந்த விலங்கில் எத்தனை சுடலாம் என்று ஒதுக்கீடு தருகிறது. வெளிநாட்டு வேட்டைக்காரர்களைக் கூட்டிவரும் நிறுவனத்தோடு கன்சர்வன்சி ஒப்பந்தம் போடுகிறது. பதிவுபெற்ற வேட்டை வழிகாட்டி உடன் வராமல் வெளிநாட்டவர் துப்பாக்கியைத் தூக்க முடியாது. வந்தவர் கொம்பையோ தோலையோ தலையையோ நினைவுப்பொருளாக எடுத்துப் போகிறார், இதைத்தான் டிராபி வேட்டை என்கிறார்கள். கறி ஊருக்கு. ஒரு யானை விழுந்தால் சுற்றுவட்டார வீடுகளுக்கெல்லாம் கறி போகிறது. பணம் கன்சர்வன்சியின் கணக்குக்குப் போய், முதலில் காவலர்களின் சம்பளமாகவும் வண்டிக்கு டீசலாகவும் மாறுகிறது. மிச்சம் இருந்தால் தண்ணீர்க் குழாய், பள்ளி, வீட்டுக்கு வீடு ரொக்கம்.

சுற்றுலா விடுதி கட்டி, விலங்கைப் படம் எடுக்க வருபவர்களிடம் வாங்கும் பணமே போதாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அதுதான் பிடித்த வழி, பல கன்சர்வன்சிகள் அதில் நன்றாகவே சம்பாதிக்கின்றன. ஆனால் விடுதி எல்லா இடத்திலும் நிற்காது. அழகான மலை வேண்டும், ஆறு வேண்டும், சாலை வேண்டும், எளிதில் விலங்கு கண்ணில் பட வேண்டும். வேட்டைக்காரருக்கு ஒரு கூடாரமும் நடக்கக் கால்களும் போதும். 2016-இல் வந்த ஆய்வு ஒன்று நமீபிய கன்சர்வன்சிகளின் வருமானத்தை ஆராய்ந்தபோது, ஒரு கன்சர்வன்சி தொடங்கி ஏறக்குறைய மூன்று வருடத்தில் வேட்டை வருமானம் வரத் தொடங்குகிறது, சுற்றுலா வருமானத்துக்கு ஆறு வருடம் ஆகிறது என்று கண்டது. இரண்டும் தரும் பலனும் வேறு வேறு. சுற்றுலா தருவது பெரும்பாலும் விடுதி வேலைச் சம்பளம், அது வேலை கிடைத்த சிலருக்குப் போகும். வேட்டை தருவது கன்சர்வன்சி நடத்தும் செலவுக்கான காசும் கறியும், அது கொஞ்சம் கொஞ்சமாகப் பலருக்குப் போகும். 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது இரண்டுமே நின்றன. காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்க நிதிக்கு அலைய வேண்டியதாயிற்று.

கிழக்கே போட்ஸ்வானா எல்லையோரம் இருக்கும் நியே நியே கன்சர்வன்சி பற்றி ஒரு வார்த்தை. 1998-இல் பதிவான முதல் நான்கில் ஒன்று. ஜுன்ஹோவான்சி சான் மக்களின் இடம். வண்டுப் புழுவின் நஞ்சு தடவிய அம்பால் வேட்டையாடும் அவர்களுடைய பழைய முறைக்கு அங்கே சட்டப்படி அனுமதி உண்டு. அதே மண்ணில் வெளிநாட்டவர் யானை சுடக் கொடுக்கும் பணம்தான் கன்சர்வன்சியின் முக்கிய வருமானம், அதிலிருந்து உறுப்பினர்களுக்கு ரொக்கமாகப் பங்கு போகிறது. வில்லோடு போகிறவரும் லட்சங்கள் கொடுத்து வருகிறவரும் ஒரே காட்டில். தன் நிலத்தின் விலங்கைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை ஒரு சான் சமூகத்துக்கு இருக்கிறது என்பதே, எட்டோஷாவில் ஹைஓம் மக்களுக்கு நடந்ததை நினைத்தால், சின்ன விஷயம் இல்லை.

சரி, கறுப்புக் காண்டாமிருகம். உலகின் கறுப்புக் காண்டாமிருகங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நமீபியாவில்தான் இருக்கிறது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2004-இல் நமீபியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் வருடத்துக்கு ஐந்து ஐந்து ஆண் காண்டாமிருகங்களை வேட்டைக்கு அனுமதித்தது. இனப்பெருக்க வயது தாண்டியும் மற்ற ஆண்களையும் குட்டிகளையும் குத்திக் கொல்கிற கிழட்டு ஆண்கள் உண்டு, அவற்றை எடுத்தால் கூட்டம் வேகமாகப் பெருகும் என்பது வாதம். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் டல்லஸ் சஃபாரி கிளப் என்கிற வேட்டைக்காரர் சங்கம் நடத்திய ஏலத்தில் கோரி நோல்டன் என்பவர் 3,50,000 டாலருக்கு ஓர் அனுமதியை எடுத்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. 2015 மேயில் வந்து சுட்டார். பணம் நமீபிய அரசின் காட்டுயிர்ப் பொருள் நிதியத்துக்குப் போனது. அந்த நிதியத்தின் பணம் காண்டாமிருகக் காவலுக்கும் மற்றப் பாதுகாப்பு வேலைகளுக்கும் போகிறது, விலங்கால் மாட்டையோ மனிதரையோ இழந்த குடும்பத்துக்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகைக்கும் போகிறது.

அந்த ஈட்டுத்தொகை எவ்வளவு என்று தெரிந்தால் இந்த விவகாரத்தின் பாரம் புரியும். 2018-இல் திருத்திய கொள்கைப்படி, சிங்கம் ஒரு மாட்டைக் கொன்றால் 3,000 நமீபிய டாலர். சந்தையில் அதே மாடு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு போகும். யானை வந்து ஒரே இரவில் தண்ணீர்த் தொட்டியை உடைத்துப் போட்டால், காலையில் மாட்டுக்குத் தண்ணீர் கிடையாது, நடந்து போய் எடுத்துவரப் பக்கத்தில் ஓர் இடமும் கிடையாது. தூரத்து நகரத்தில் உட்கார்ந்து யானையை நேசிப்பவருக்கு ஒரு செலவும் இல்லை. யானையோடு வாழ்பவர் தினமும் செலவு செய்கிறார். நான் யானையை நேசிப்பவன்தான், அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேட்டைக்கு எதிரான வாதங்களில் கனமானவையும் உண்டு. அவற்றை வேட்டைக்காரர்கள் 'உணர்ச்சி' என்று தள்ளிவிடுவதை ஏற்க முடியவில்லை. வேட்டைக்காரர் தேடுவது பெரிய தந்தம், நீண்ட கொம்பு. அப்படிப்பட்ட ஆண் யானைகள் வயதானவை, இளம் ஆண்களைக் கட்டுக்குள் வைப்பவை, வறட்சியில் வழி தெரிந்தவை. வடமேற்கே பாலைவன யானைகள் எல்லாம் சேர்த்தே சில நூறைத் தாண்டாத இடத்தில் ஒரு முதிர்ந்த ஆணை எடுப்பது பெரிய இழப்பு. 2019 ஜூனில் 'வூர்ட்ரெக்கர்' என்று பெயர் பெற்ற, ஐம்பது வயதை ஒட்டிய, ஊரே அறிந்த ஆண் யானை 'தொல்லை விலங்கு' என்று அறிவிக்கப்பட்டுச் சுடப்பட்டது. அது சாதுவானது என்று அந்த வட்டாரத்தில் யானைகளோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள், அமைச்சகம் ஒத்துக்கொள்ளவில்லை. தொல்லை விலங்கைச் சுடும் வாய்ப்பையும் வேட்டைக்காரருக்குக் காசுக்கு விற்கும் முறை இருக்கும்வரை இந்தச் சந்தேகம் தீராது, தொல்லை கொடுத்ததால் சுட்டார்களா, காசு வரும் என்பதால் தொல்லை என்றார்களா என்று எப்போதும் கேள்வி வரும். அதே மாதிரி, கணக்கெடுப்பவர்களும் ஒதுக்கீட்டால் பயன்பெறுபவர்களும் ஒரே வட்டத்தில் இருப்பதும் சரியில்லை. வெளியாட்கள் வந்து சரிபார்க்கும் கணக்கு வேண்டும். குழுவில் இருக்கும் நாலு பேர் கையிலேயே பணம் தங்கிவிட்ட கன்சர்வன்சிகளும் உண்டு.

இன்னொரு பக்கம், பெல்ஜியம் 2024-இல் பல அரிய விலங்குகளின் டிராபி இறக்குமதியைத் தடை செய்தது. பிரிட்டனில் அதே நோக்கத்தோடு வந்த மசோதா 2023-இல் மக்களவையைத் தாண்டி மேலவையில் நின்றுபோனது. தடை கேட்பவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. ஒரு கேள்விக்கு மட்டும் அவர்கள் பதில் சொன்னால் நானும் கூட நிற்பேன்: வேட்டை வருமானம் நின்ற மறுமாதம் அந்தக் காவலருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? 2022-இல் மட்டும் நமீபியாவில் கறுப்பும் வெள்ளையுமாக 87 காண்டாமிருகங்கள் திருட்டு வேட்டையில் செத்தன. அனுமதி பெற்று நடக்கும் வேட்டையில் கறுப்புக் காண்டாமிருகம் வருடத்துக்கு ஐந்துக்கு மேல் கிடையாது. கொம்புக்காகக் கொல்லும் கும்பலுக்கும் காண்டாமிருகத்துக்கும் நடுவில் நிற்பது கையில் தண்ணீர்ப் புட்டியோடு நாள்கணக்கில் கல்லும் மலையும் நடக்கிற உள்ளூர் ஆட்கள்தான்.

இனி, ஓரிக்ஸ் விஷயத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். இந்த ஏற்பாடு எவ்வளவு நியாயமாக நடந்தாலும் அதன் அடியில் இருப்பது விலங்கின் எண்ணிக்கை, அதன் அடியில் இருப்பது புல், அதன் அடியில் இருப்பது மழை. 2010-களின் தொடக்கம் முதல் குனேனேயில் வருடம் தப்பி வருடம் வறட்சி. ஸ்பிரிங்பக் மான், ஓரிக்ஸ், மலை வரிக்குதிரை எல்லாம் சரிந்தன. 2019-இல் நாடு முழுக்க வறட்சி நெருக்கடி அறிவித்து, பூங்காக்களிலிருந்து சுமார் ஆயிரம் விலங்குகளை அரசு விற்க முடிவு செய்தது. 2020 டிசம்பரில் 170 யானைகளை விற்பனைக்கு வைத்தது. 2023-24 எல் நினோவில் மழை மறுபடி ஏமாற்ற, 2024 மேயில் மீண்டும் நெருக்கடி அறிவிப்பு. நாட்டின் உணவுக் கையிருப்பில் 84 சதவீதம் தீர்ந்துவிட்டது என்று ஐ.நா. சொன்னது, மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர், 14 லட்சம் பேர், சாப்பாட்டுக்குத் திண்டாடும் நிலை. அந்த நேரத்தில் வந்ததுதான் 723 விலங்குகளின் பட்டியல். கறிக்காக மட்டும் அந்த முடிவை எடுக்கவில்லை, புல்லும் நீரும் தாங்காத இடங்களில் விலங்கைக் குறைப்பதற்கும்தான் என்று அரசு சொன்னது. யானைகள் மனிதரோடு மோதும் இடங்களிலிருந்து எடுக்கப்படும் என்றும் சொன்னது.

என் தனிப்பட்ட கருத்து, அந்த 83 யானைகளைச் சேர்த்தது தேவையற்றது. மானும் வரிக்குதிரையும் வேகமாகப் பெருகும், யானை அப்படியல்ல; இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுமந்து ஒரு கன்று ஈன்று, அதை வளர்த்து, அடுத்ததுக்கு நாலைந்து வருடம் ஆகும். ஆனால் அந்த வருடம் தானியம் இல்லாமல் இருந்த ஒரு வீட்டின் வாசலில் நின்று இதைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.

சிங்கங்களின் நிலையைப் பார்த்தால் மழையும் மோதலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது இன்னும் தெளிவாகும். வடமேற்குப் பாலைவனத்தில் 1990-களின் கடைசியில் சுமார் 20 சிங்கங்களே மிஞ்சியிருந்தன. கன்சர்வன்சிகள் வந்தபின், மழையும் நன்றாகப் பெய்த வருடங்களில், மான்கள் பெருகி, சிங்கங்களும் பெருகி 2015 வாக்கில் 150-ஐத் தாண்டின. அதற்குள் வறட்சி மான்களை அடித்துவிட்டது. பசித்த சிங்கம் மாட்டுக்கும் கழுதைக்கும் ஆட்டுக்கும் வந்தது. வறட்சியில் ஏற்கெனவே பாதி மந்தையை இழந்தவரின் மீதி மந்தை அது. 2016-இல் உலகம் முழுக்க அறியப்பட்ட ஐந்து இளம் ஆண் சிங்கங்களில் ஒன்று சுடப்பட்டது, சில வாரத்தில் இன்னும் மூன்று நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டன. எந்த வேட்டைக்காரரும் அவற்றைக் காசு கொடுத்துச் சுடவில்லை. பொறுமை போன மேய்ப்பர்கள் செய்தது. 2022-இல் எண்ணியபோது, குட்டிகளைச் சேர்க்காமல், 60-ஐ ஒட்டித்தான் இருந்தன. பிழைத்தவற்றில் சில எலும்புக்கூட்டுக் கடற்கரை என்று அழைக்கப்படும் கரைக்கு இறங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கடல்நாயையும் நீர்க்காகத்தையும் பூநாரையையும் பிடித்துத் தின்னப் பழகியிருக்கின்றன. இரவில் சிங்கம் வரும் பக்கத்தைக் கழுத்துப்பட்டைக் கருவியின் தகவலில் பார்த்து ஊருக்குச் சொல்லி, மாட்டைப் பட்டிக்குள் அடைக்க வைக்கும் சிங்கக் காவலர்கள் இப்போது அங்கே இருக்கிறார்கள், உள்ளூர் ஆட்களே. இந்த வேலைக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் உருப்படியானது என்று நினைக்கிறேன்.

மழை குறைவது ஒரு பக்கம் என்றால் சூடு இன்னொரு பக்கம். உலக சராசரி வெப்பம் 1.5 டிகிரி கூடும்போது நமீபியாவில் சுமார் 2 டிகிரி கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் விசித்திரம், காய்ந்துபோகும் நாட்டில் பெரும்பரப்பில் முள்மரம் அடர்ந்துகொண்டே போகிறது. பல்லாண்டு மிகை மேய்ச்சல், இயற்கையாகப் பரவும் புல் தீயை அணைத்துவிட்டது, மரத்தைத் தின்று முறிக்கும் பெரிய விலங்குகள் போனது, காற்றில் கூடும் கரியமில வாயு என்று காரணங்கள் பல. முள் அடர்ந்தால் புல் இல்லை, நிலத்தடிக்குப் போகும் நீரும் குறையும். ஓட்டத்தை நம்பி வாழும் சிவிங்கிப்புலிக்கு ஓட வெளி இல்லை. 2022 செப்டம்பரில் இந்தியாவின் குனோவுக்கு விமானத்தில் வந்த முதல் எட்டுச் சிவிங்கிப்புலிகள் இந்த நாட்டிலிருந்து வந்தவைதான். அங்கே அவை பெரும்பாலும் வாழ்வது பூங்காவில் இல்லை, பண்ணை நிலங்களில். ஒரு காலத்தில் பண்ணைக்காரர்கள் அவற்றைக் கண்ட இடத்தில் சுட்டார்கள். ஆட்டு மந்தையோடு குட்டியிலிருந்தே வளரும் அனத்தோலியக் காவல் நாய்களை 1994 முதல் பண்ணைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தபின் பல பண்ணைகளில் துப்பாக்கி இறங்கியது. முள்மரத்தை வெட்டிக் கரி சுடுவது இப்போது பெரிய தொழில். அதிலும் ஆபத்து உண்டு. 2025 செப்டம்பரில் எட்டோஷாவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரித்த தீ, பூங்காவை ஒட்டிய கரி சுடும் இடத்திலிருந்து கிளம்பியது என்று சந்தேகிக்கிறார்கள்.

விலங்கு குறைந்தால் ஒதுக்கீடு குறைய வேண்டும், குறைத்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் காவலரைக் குறைப்பார்கள். வறட்சி வருடத்தில்தான் திருட்டு வேட்டையும் மோதலும் கூடும், அப்போதுதான் காவலர் அதிகம் வேண்டும். இந்த முடிச்சை வேட்டைப் பணத்தால் மட்டும் அவிழ்க்க முடியாது, ஏனென்றால் அந்தப் பணமே மழையோடு வந்து மழையோடு போகிறது. விலங்கு உயிரோடு இருப்பதற்கே ஊருக்குப் பணம் தரும் முறைகளை, மழை எப்படி இருந்தாலும் வந்துசேரும் பணத்தை, நமீபியர்களே சோதித்துப் பார்க்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் யானையோ சிங்கமோ நடமாடுவது உறுதியானால் அந்தக் கன்சர்வன்சிக்கு ஒரு தொகை. தடை கேட்கும் நாடுகள் தங்கள் பணத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டிய இடம் இதுதான். கரியமில வாயுவைக் காற்றில் கொட்டிய நாடுகளும் பெரும்பாலும் அவைதான்.

கன்சர்வன்சிக் காவலர்கள் ஒவ்வொருவரும் ஒரு நிகழ்வுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். 2000 வாக்கில் தொடங்கிய எளிய முறை. நடந்து போகும்போது கண்ட விலங்கு, கண்ணில் பட்ட கண்ணி, செத்த மாடு, யானை உடைத்த குழாய் எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும். மாதக் கடைசியில் அதைக் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி, அலுவலகச் சுவரில் ஒட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் பேசும்படி வைக்கிறார்கள். அடுத்த வருட ஒதுக்கீட்டுக்கு அமைச்சக ஆட்கள் வந்து உட்காரும்போது அந்தச் சுவரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அதே புத்தகத்தில்தான் ஏறுகிறது.